மண்டல அலுவலகமா, சைட்டா?

சிவில் படித்துக் கட்டுமானக் கம்பெனியில் சேர்ந்தவருக்கு நாலைந்து வருடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: சைட்டிலேயே இருப்பதா, மண்டல அலுவலகத்துக்கு மாற்றல் கேட்பதா?

சைட்டில் வேலை கண்ணுக்குத் தெரியும். காலையில் கம்பி கட்டியதைச் சரிபார்த்தால் மாலையில் கான்கிரீட் போட்டுவிடலாம். அந்தக் கான்கிரீட்டிலேயே 150 மி.மீ. கியூப் (சோதனைக்கான கனசதுரக் கட்டி) எடுத்து 7ஆம் நாளும் 28ஆம் நாளும் உடைத்துப் பார்த்தால் நம் வேலைக்கு மார்க் வந்துவிடும். தங்குமிடம், மெஸ் எல்லாம் பெரும்பாலும் கம்பெனி செலவு என்பதால் சம்பளம் மிஞ்சும். ஆனால் ஞாயிறு நிச்சயமில்லை. ராத்திரி ஸ்லாப் கான்கிரீட் (தளம் போடுவது) என்றால் விடியும்வரை நிற்க வேண்டியதுதான்.

மண்டல அலுவலகத்தில் பல சைட்டுகளின் ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்க, முடிந்த அளவுக்குப் போடும் பில்) ஒரே மேஜைக்கு வரும். சைட் அனுப்பிய அளவும் வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட அளவும் ஏன் ஒத்துப்போகவில்லை, சிமென்ட் கணக்கு எங்கே இடிக்கிறது, அடுத்த டெண்டருக்கு என்ன விலை போடுவது என்றுதான் நாள் ஓடும். பணம் எங்கே கசிகிறது என்பது இங்கே வந்தால்தான் புரியும். தலைமை அலுவலகம் ஒரு பக்கம் அறிக்கை கேட்கும். சைட்காரர் இன்னொரு பக்கம் போனில் கத்துவார். வாடகையும் நம் கையிலிருந்துதான். சரி, பிள்ளைகளின் பள்ளி அடிக்கடி மாறாது.

என் ஓட்டு, முதல் ஐந்து வருடம் சைட்டுக்கே. டேப் பிடித்து அளந்து பழகாதவரால் அளவுப் புத்தகத்தில் ஒளிந்திருக்கும் தப்பைக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம், மாற்றல் கேட்பதானால் புராஜெக்ட் முடியும் தறுவாயில் கேளுங்கள். நடுவில் கேட்டால் மேனேஜர் விடமாட்டார்.