பென் டிரைவில் டிவி அப்டேட்: சில வருடப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவை

அப்பா அம்மா வீட்டு ஸ்மார்ட் டிவிக்குச் சில வருடங்களாகவே பென் டிரைவில்தான் ஃபர்ம்வேர், அதாவது டிவியை இயக்கும் உள் மென்பொருள், ஏற்றி வருகிறேன். அங்கே பிராட்பேண்ட் கிடையாது. போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் அன்றைய டேட்டா அதோடு சரி. நெட் நன்றாக வரும் என் வீட்டிலும் இப்போது ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவிட்டு இதே வழிக்கு மாறிவிட்டேன். எந்த வெர்ஷன், எப்போது ஏற வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம், அது பெரிய நிம்மதி.

டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் நம்பரைக் கடைசி எழுத்துவரை குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு டிவியாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். கோப்பை அந்தந்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில் மட்டும் எடுங்கள். யூடியூப் வீடியோவுக்குக் கீழே கிடக்கும் லிங்க் வேண்டவே வேண்டாம்.

பழைய 8 அல்லது 16 ஜிபி பென் டிரைவே இதற்கு நல்லது. டிரைவை ஃபேட்32 (FAT32) முறையில் ஃபார்மேட் செய்தால் கிட்டத்தட்ட எல்லா டிவியும் படிக்கும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் திரையில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 தேர்வு வராது. இறக்கிய ஜிப் கோப்பைப் பிரித்த பிறகு கோப்பை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எல்ஜி டிவிக்கு ‘LG_DTV’ என்ற பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் வைத்து ஒரு ஃபோல்டர் போட்டு, .epk என்று முடியும் ஃபர்ம்வேர் கோப்பை அதற்குள் வைக்க வேண்டும். சாம்சங்கில் பிரித்து வந்ததை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் டிரைவின் முதல் அடுக்கிலேயே வைத்து, செட்டிங்ஸ், சப்போர்ட், சாஃப்ட்வேர் அப்டேட் என்று போனால் போதும்.

நான் அதிகம் கவனிப்பது கரண்டைத்தான். ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டிவி மறுபடி ஆன் ஆகாமலே போகலாம்; பிறகு மெயின் போர்டைத்தான் பார்க்க வேண்டிவரும். நம் ஊரில் மாதாந்திர பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று முதலில் விசாரித்துக்கொள்வேன். மழை, இடி நாளில் தொடவே மாட்டேன். பல வீடுகளில் இன்வெர்ட்டர் இணைப்பு ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் இருக்கும். டிவி பிளக்குக்கும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரை கறுத்துவிட்டது என்று பதறி யாரும் சுவிட்சை அணைத்துவிடக் கூடாது, அது தானாக ரீஸ்டார்ட் ஆகும். வீட்டுப் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பலன் என்ன என்று கேட்டால், டிவியோடு சேர்ந்து ஆன் ஆகாமல் அடம்பிடித்த சவுண்ட்பார் ஒரு அப்டேட்டில் சரியானது. அம்மாவுக்கு இரண்டாவது ரிமோட்டைத் தேடும் வேலை இல்லாமல் போனது. ஆனால் மெதுவான டிவி வேகமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிராசசரும் ரேமும் பழையவைதான். பெரும்பாலான டிவிகளில் பழைய வெர்ஷனுக்குத் திரும்பவும் முடியாது. அதனால் புதியது வந்தவுடன் பாயாமல், மற்றவர்கள் அனுபவம் தெரியும்வரை காத்திருக்கிறேன். பிக்சர் செட்டிங்ஸ் பக்கங்களை முதலிலேயே போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. சில சமயம் எல்லாம் பழையபடி ஃபேக்டரி நிலைக்குப் போய்விடும்.

நிறுவனம் அப்டேட்டையே நிறுத்திவிட்ட டிவிக்கு, பேனல் நன்றாக இருந்தால், எச்டிஎம்ஐ போர்ட்டில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகுங்கள். புது டிவிக்கு அவசரமில்லை.