வெப்பத்தில் எஃப்ஜிஎம் பீம் அதிர்வு: கல்குலிக்ஸ் நெடுநாள் பாவனையில் எப்படி?

எஃப்ஜிஎம் என்பது தடிப்பு வழியே உலோகத்திலிருந்து செரமிக்குக்குப் படிப்படியாக மாறும் பொருள். ஒலுவில் பொறியியல் பீடத்தில் இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு இந்தத் தலைப்பை எடுப்பவருக்குக் கல்குலிக்ஸ் என்ற முடிவுறு மூலக மென்பொருள் தாராளமாகப் போதும். இலவசம். அபாகஸ் என்ற வணிக மென்பொருளின் பாணியிலேயே உள்ளீட்டுக் கோப்பு எழுதலாம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். ஒரேயொரு வில்லங்கம், பிழையான பெறுமானத்தைக் கொடுத்தாலும் முணுமுணுக்காமல் விடை தந்துவிடும்.

சிலிக்கன் நைட்ரைட்டும் எஸ்யூஎஸ் 304 உருக்கும் வழக்கமான சோடி. இவற்றின் வெப்பநிலைச் சூத்திரத்துக்குள் கெல்வின்தான் போக வேண்டும். 300 கெல்வினில் நைட்ரைட்டின் யங்கின் மட்டு 322.27 ஜிகாபாஸ்கல், செல்சியஸ் நினைப்பில் 27 என்று போட்டால் 345.6 வரும். நம்பும்படியான எண் என்பதால் மேற்பார்வையாளர் கண்ணுக்கும் தப்பிவிடும். அலகும் அப்படித்தான். மில்லிமீற்றரில் வேலை செய்தால் அடர்த்தி தொன்னில் இருக்க வேண்டும், உருக்குக்குக் கன மில்லிமீற்றருக்கு 8.166இ-9 (அதாவது 8.166 × 10⁻⁹). கிலோகிராமில் கொடுத்தால் மீடிறன் 31.6 மடங்கு குறையும்.

பீம் மூலகத்தில் தடிப்பு வழியே பொருளை மாற்றப் பார்க்க வேண்டாம். எட்டுக் கணுத் தளத்தகைப்பு மூலகங்களை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் தனிப் பொருள் எழுதுவதே சுகம். கலவை தடிப்பு வழியே எப்படி மாறுகிறது என்று தீர்மானிக்கும் அடுக்குக்குறி 1 என்றால் சம தடிப்பில் 10 அடுக்கு காணும். 0.2 என்றால் உலோகப் பக்கத்திலும், 10 என்றால் செரமிக் பக்கத்திலும் மாற்றம் செங்குத்தாக இருக்கும். அங்கே அடுக்குகளை மெலிதாக்குங்கள். மொத்தத் திணிவைக் கையால் சரிபார்க்கலாம்: அடுக்குக்குறி 1க்குச் சராசரி அடர்த்தி கன மீற்றருக்கு 5268 கிலோகிராம் வர வேண்டும்.

விரிகைக் குணகம் வெப்பநிலையோடு மாறும்போது, விரிகைக் கட்டளையில் உசாத்துணை வெப்பநிலையை (விரிகையை அளக்கத் தொடங்கும் வெப்பநிலையை) எழுதாவிட்டால் அது 0 என்றே எடுக்கும். குணகம் மாறிலி என்றால் இந்தக் குற்றம் வெளியே தெரியாது. அடுத்தது, நிலையியல் படிக்குப் பின்வரும் மீடிறன் படியில் முந்திய படியின் தகைப்பைச் சேர்க்கச் சொல்லும் ‘பெர்டர்பேஷன்’ என்ற சொல் இல்லையென்றால் வெப்பத் தகைப்பு கணக்கில் சேராது. வெப்பநிலையை எவ்வளவு ஏற்றினாலும் மீடிறன் அசையவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்.

அதிகம் சறுக்குவது தாங்கியில். இரு முனையும் இறுக்கிய பீம் சீரான வெப்பத்தில் தட்டையாகவே இருந்து, பிறகு நெளியும். பிணைச்சல் தாங்கியில் எஃப்ஜிஎம் பீம் முதற்பாகையிலேயே வளையத் தொடங்கும், அதற்கு நெளிவு வெப்பநிலை தேடுவதில் பொருளில்லை. பெருவிலகல் கணக்கே தேவை. இருபரிமாண மெஷ்ஷில் பிணைச்சலை நடுக்கோட்டில் வைத்தால் ஒரு விடை, அடிவிளிம்பில் வைத்தால் வேறு விடை. எங்கே வைத்தீர்கள் என்று அறிக்கையில் எழுதாவிட்டால் ஒப்பீடு வீண்.

எஃப்ஜிஎம்முக்குப் போக முன் வெறும் உருக்கால் சோதித்துக்கொள்ளுங்கள். நீளம் தடிப்பைப் போல் 40 மடங்கு, விரிகைக் குணகம் 15.32இ-6 என்றால், பிணைச்சல் பீம் ஏறக்குறைய 33.5 பாகை ஏற்றத்தில் நெளியும். நம் பக்கத்து நண்பகல் வெயிலில் தகரக் கூரையே எட்டக்கூடிய ஏற்றம் இது. இறுக்கிய பீமுக்கு 134. மாறாப் பொருட்பண்போடு மீடிறனின் வர்க்கத்தை வெப்பநிலைக்கு எதிரே வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடாக இறங்கி, அந்த இடத்தில் பூச்சியத்தைத் தொட வேண்டும்.

நூற்றுக்கணக்கான சேர்க்கைகளை ஓட்டுவதற்குக் கல்குலிக்ஸ் கைகொடுக்காது. ஒக்டேவ் என்ற இலவசக் கணிப்பு மென்பொருளில், வெட்டு உருத்திரிபையும் கணக்கில் எடுக்கும் டிமோஷென்கோ பீம் நிரல் எழுதுங்கள். வெட்டுப் பகுதிக்கு ஒரே காஸ் தொகையீட்டுப் புள்ளி போடாவிட்டால் மெல்லிய பீமின் விறைப்பு பொய்யாக ஏறும். கரண்ட் போகும் நாட்களை நினைத்து, ஒவ்வொரு வெப்பநிலை முடிய விடையைக் கோப்பில் சேமிக்கும் வரியையும் சேர்த்துவிடுங்கள்.