அத்தை முதியோர் குடியிருப்பில் மூன்று வருடம்: சேர்க்கும்போது நான் பார்க்கத் தவறியவை

அத்தைக்குப் பார்க்கின்சன் நோய். வீட்டில் இரண்டு தடவை விழுந்த பிறகு, அவருடைய சம்மதத்தோடுதான் முதியோர் குடியிருப்பில் சேர்த்தோம். தனி அறை, பொதுச் சாப்பாட்டுக் கூடம், குளிக்கவும் உடை மாற்றவும் உதவிக்கு ஆள், இரவில் ஒரு நர்ஸ். மூன்று வருடம் முடிந்துவிட்டது. சேர்த்த புதிதில் கேட்டிருந்தால் 'அருமையான இடம்' என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன், மோசம் என்றும் சொல்ல மாட்டேன்.

இடம் பார்க்கப் போனபோது நாங்கள் பார்த்தது எல்லாம் கட்டடத்தைத்தான். தோட்டம், வெளிச்சமான வராந்தா, புது மெத்தை. காலை பதினொரு மணிக்கு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனோம். அந்த நேரத்தில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும், எல்லா ஊழியர்களும் இருப்பார்கள், எல்லாருக்கும் குளிப்பாட்டித் தலைசீவி முடிந்திருக்கும். இரண்டாவது தடவை சொல்லாமல், சாயங்காலம் ஏழு மணிக்கோ விடுமுறை நாளிலோ போயிருக்க வேண்டும். அப்போதுதான் இத்தனை பேருக்கு எத்தனை பராமரிப்பாளர்கள் என்பது கண்ணால் தெரியும். ராத்திரி எத்தனை பேர் என்று நான் கேட்கவே இல்லை, அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

எட்டாவது மாதம் அது தெரிந்தது. நள்ளிரவில் கழிவறையில் அத்தை விழுந்துவிட்டார். அங்கே அவசரத்துக்கு இழுக்கிற கயிறு இருந்தது, ஆனால் துடைக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ அதைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார்கள். விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டத்தானே அந்தக் கயிறு? தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்க வேண்டும். குரல் கேட்டு ஆள் வருவதற்குள் நெடுநேரம் ஆகிவிட்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதம் தனியாக எழுந்து நிற்கவே பயந்தார். நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது, கயிற்றை அவிழ்த்தார்கள். இரவில் கூடுதலாக ஒரு ஆளைப் போடுங்கள் என்று கேட்டோம், அது இன்னும் நடக்கவில்லை. அன்றிலிருந்து எப்போது போனாலும் முதலில் கழிவறைக்குள் போய் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் அத்தை பக்கத்தில் உட்காருகிறேன்.

அடுத்தது மருந்து. பார்க்கின்சன் உள்ளவர்கள் வீட்டில் இது தெரியும்: லெவோடோபா மாத்திரை நேரம் தவறினால் உடம்பு அப்படியே இறுகிப்போகும், எழ முடியாது, சில சமயம் பேச்சுகூட வராது. புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது என்பதால் பலருக்குச் சாப்பாட்டுக்கு முன்பே கொடுக்கச் சொல்வார்கள். குடியிருப்பில் என்ன வழக்கம் என்றால், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போவார்கள், அத்தையின் அறை கடைசி. முதல் இரண்டு மாதம் மதியத்தில் மட்டும் அவர் ஏன் கட்டைபோல உட்கார்ந்திருக்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஒரு வாரம் மருந்துப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தோம், சில நாள் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போயிருந்தது. டாக்டரிடம் நேரம் போட்டு எழுதி வாங்கிக் கொடுத்த பிறகு சரியானது. இதில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும், அதற்கப்புறம் பெரிதாகத் தவறவில்லை. இடம் தேடுகிறவர்கள் 'மருந்து கொடுப்பீர்களா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். யார் கொடுக்கிறார், எங்கே எழுதுகிறார், அந்தப் பதிவேட்டை நாங்கள் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

சாப்பாடு, சுத்தம், பொழுதுபோக்கு எல்லாம் பரவாயில்லை. துணி மாறிப் போகும், பெயர் தைத்துக் கொடுங்கள்.

ஆனால் இந்த இடத்தை விட்டு அத்தையை மாற்றாமல் இருப்பதற்கு ஒரே காரணம் பகல் நேரத்துப் பராமரிப்பாளர் ஒருவர். மூன்று வருடமாக அதே ஆள். போன வருடம் ஒரு நாள் அவரே போன் செய்து, "அம்மா இன்னிக்கு சரியா இல்ல, என்னை வேற பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, நீங்க வாங்க" என்றார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பார்த்தால் சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் சில நேரம் காய்ச்சலுக்கு முன்னாலேயே திடீர்க் குழப்பம்தான் வரும், அதை 'வயசாயிடுச்சு, மறதி' என்று விட்டுவிடுவது சுலபம். நேற்று எப்படி இருந்தார் என்று தெரிந்தவரால்தான் இன்று மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க முடியும். ஆள் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் அது நடக்காது. அதனால் போகிற இடத்தில் ஊழியர்களிடமே கேளுங்கள், இங்கே எத்தனை நாளாக வேலை பார்க்கிறீர்கள் என்று. பாதிப் பேர் மூன்று மாதம், நான்கு மாதம் என்றால் நான் யோசிப்பேன்.

ஒப்பந்தத்தையும் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். குளிப்பது, உடுப்பது, கழிவறை போவது, படுக்கையிலிருந்து எழுவது, மலசலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு வேலைகளை வைத்து ஒருவருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று பார்க்கும் முறை 1963-லிருந்து இருக்கிறது. பல இடங்களில் இதை ஒட்டித்தான் பராமரிப்பு நிலையை முடிவு செய்கிறார்கள், நிலை ஏறினால் கட்டணமும் ஏறும். எங்கள் ஒப்பந்தத்தில் எழுவதற்கு இரண்டு பேர் உதவி தேவைப்பட்டால் தொடர்ந்து வைத்துக்கொள்ள இயலாது என்று பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. பார்க்கின்சன் போகப் போக அதிகமாகிற நோய் என்று தெரிந்தும் அந்த வரியை நாங்கள் சேர்க்கும்போது கவனிக்கவில்லை.

எடையை மாதாமாதம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆறு மாதத்தில் பத்து சதவீதம் குறைந்தால் உடனே காரணம் தேட வேண்டும் என்பார்கள். விழுங்கச் சிரமம் வருகிற நோய் என்பதால் எங்களுக்கு இது முக்கியம். இதுவரை குறையவில்லை.

அடுத்த மாதம் மறுமதிப்பீடு. அத்தை இப்போது ஒருவர் கை பிடித்தால் எழுந்துவிடுகிறார், காலையில் மட்டும் சில நாள் இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. வேறு இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன், இந்தத் தடவை ராத்திரியில் போய். "எங்கே போனாலும் அந்தப் பொண்ணு வருவாளா?" என்று அத்தை கேட்டார், அதற்கு என்னிடம் பதில் இல்லை.