புகையில்லா அடுப்பு நல்ல அடுப்புதான், செலவெல்லாம் குழாயில்

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் கட்டிய புது வீட்டுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் புகையில்லா அடுப்பு வாங்கினோம். கடைப் பெயர் வேண்டாம். அடுப்புக்கு முழு மார்க் தருவேன், அதை வைத்துக் கொடுத்த வேலைக்குப் பாதிதான்.

கேஸ் இருக்கும்போது இது எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தோப்பு உள்ள வீட்டில் சிரட்டையும் கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) மட்டையும் சும்மா கிடக்கும், ரப்பர் விறகும் கிடைக்கும், சிவப்புப் புழுங்கலரிசியையும் மரச்சீனிக் கிழங்கையும் (மரவள்ளி) தினம் வேகவைத்தால் 14.2 கிலோ சிலிண்டர் எத்தனை நாளைக்கு வரும்? அதனால்தான் இங்கே அடுக்களைக்குப் பின்னால் ஒர்க் ஏரியா என்று ஒன்று கட்டி விறகடுப்பை அங்கே வைக்கிறார்கள். மச்சானுக்கு ஹாலில் கணப்பு வைக்க ஆசை, இங்கிலீஷ் படத்தில் வருகிற மாதிரி. மார்கழியிலும் ஃபேன் ஓடுகிற ஊரில்! அம்மா ஒரே பார்வையில் முடித்துவிட்டார்.

அடுப்பு கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்கிற மக்கள் அறிவியல் இயக்கம் பரப்பிய பரிஷத் அடுப்பு மாதிரிதான். முன்குழியில் மட்டும் தீ, அந்தச் சூடு உள்வழியாகப் பின்குழிக்குப் போய் அப்புறம் குழாயில் ஏறும். முன்னால் சோறு கொதிக்கும்போதே பின்னால் குளிக்க வெந்நீர் தயார். பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதும் குறைவு.

இனி காசு. அடுப்பு 7,500 ரூபாய், கடையில் இதை மட்டும்தான் சொல்வார்கள். வண்டி வாடகை, கொத்தனார் கூலி, மேடைக்கு டைல், நாலு இஞ்சு குழாய், உச்சியில் தொப்பி, கான்கிரீட்டைத் துளைக்க கோர் கட்டிங் எல்லாம் சேர்ந்து 21,000 தாண்டிவிட்டது. கூரை வார்க்கும்போதே அந்த இடத்தில் ஒரு துண்டுக் குழாயை நிறுத்தி வார்த்திருந்தால் கோர் கட்டிங் காசு மிச்சம். எஞ்சினியரிடம் முதலிலேயே சொன்னோம், "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

கடை ஆட்கள் குழாயை மாடிப்படி அறைச் சுவரை ஒட்டி, அந்தச் சுவரைவிடத் தாழ்வாக நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். காற்று சுவரில் மோதிக் கீழே இறங்கும்போது புகையையும் சேர்த்து அடுப்புக்குள் தள்ளியது, புது டைலெல்லாம் கரி. போன் செய்தால் "ஆடிக் காத்து, அடங்கினா சரியாயிரும்" என்கிறார்கள். முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு! மழை பெய்ததும் குழாயைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் விரிசல் விட்டு ஒழுகவும் செய்தது. விடாமல் கேட்ட பிறகு வந்து, குழாயைச் சுவருக்கு மேலே மூன்று அடி உயர்த்தி, ஓட்டையையும் அடைத்தார்கள். அதற்கும் தனியாக 1,800 வாங்கிக்கொண்டார்கள், அதுதான் இன்னும் எரிச்சல்.

இப்போது புகை வருவதில்லை. வாங்குகிறவர்கள் குழாயின் உயரம், ஒழுகாமல் அடைக்க வேண்டியது யார், இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஒரு தாளைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடித்துப் பாருங்கள், தீ உள்ளே சாய்ந்தால் குழாய் இழுக்கிறது, வெளியே சாய்ந்தால் பாக்கிக் காசைக் கொடுக்காதீர்கள். கரி தட்டி எடுக்கக் குழாயின் அடியில் ஒரு மூடியும் கேளுங்கள், கேட்காமல் அவர்களாக வைப்பதில்லை.