முதுமலைக்கு இரண்டு சட்டங்கள்: காப்பகமா, உரிமையா?

முதுமலை 2007இல் புலிகள் காப்பகமானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் ஆள் நடமாட்டமற்ற காட்டைப் பேசுகிறது. புலிக்கு அது தேவைதான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமோ பழங்குடிகளுக்கு நடந்த ‘வரலாற்று அநீதி’யிலிருந்து தொடங்குகிறது.

மலைத்தேன் எடுக்கப் போகும் காட்டுநாயக்கப் பழங்குடி ஒருவரைப் பாருங்கள். முதல் சட்டத்தின் பேச்சில் அவர் அத்துமீறி நுழைந்தவர். இரண்டாவதில் அந்தத் தேன் அவர் உரிமை, காட்டைக் காக்கும் அதிகாரமும் கிராம சபைக்கு உண்டு. எனக்கு இதுவே சரி. எந்தப் பாறையில் எப்போது அடை கட்டும் என்று அறிந்தவரை விலக்கிவிட்டு யாரை வைத்துக் காப்பது?

அப்புறம், ஊரையே இடம்பெயர்க்க மக்களின் சம்மதம் இரண்டு சட்டங்களிலும் கட்டாயம். ஆனால் மேடைகளில் ‘மறுவாழ்வு’ மட்டும்தான் ஒலிக்கிறது, அந்தச் சம்மதம் அல்ல.