கொலோனா, மிலானா, டோக்கியோவா?

சண்முகானந்தா சபாவில் கர்நாடக சங்கீதம் கேட்டே காது வளர்ந்த மும்பை மாட்டுங்கா ரசிகருக்கு ஜாஸ் பியானோ கேட்க ஆசை வந்தால், எல்லோரும் கையில் கொடுப்பது அமெரிக்க பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டின் ‘கொலோன் கான்சர்ட்’ ஆல்பம். பக்கவாத்தியம் கிடையாது, மேடையில் ஒரே ஆள், முன்கூட்டி எழுதிவைத்த இசையும் இல்லை. நல்ல தொடக்கம்தான். முக்கால்வாசிப் பேர் அதோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

1975 ஜனவரி 24, ஜெர்மனியின் கொலோன் நகர ஆப்பரா அரங்கம். கச்சேரியை ஏற்பாடு செய்த வேரா பிராண்டெஸுக்கு வயது 18. கேட்டிருந்த பெரிய பியானோ மேடைக்கு வரவில்லை. ஒத்திகைக்கு வைத்திருந்த சின்ன பொசென்டோர்ஃபர் பியானோதான் வந்தது. மேலே தார ஸ்தாயி கீச்சென்று ஒலித்தது, கீழே மந்த்ரத்தில் கனமே இல்லை. அதனால் ஜாரெட் பெரும்பாலும் மத்தியத்திலேயே தங்கி, இடது கையில் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப அடித்தார். 26 நிமிட முதல் பகுதியில் நெடுநேரம் இரண்டே கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) சுற்றி வருகிறார். தம்புராவோடு பழகியவர்களுக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் பகுதியில் அதே உத்தி எனக்குக் கொஞ்சம் அலுக்கிறது.

அதே ஜாரெட், 1995 பிப்ரவரி 13, இத்தாலியின் மிலானில் லா ஸ்காலா ஆப்பரா அரங்கம். இங்கே பியானோவின் அடிநாதம் முழுதாகக் கேட்கிறது. ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு அது தேயும்வரை காத்திருக்க அவருக்குத் துணிவு வருகிறது. முதல் பகுதியே ஏறக்குறைய 45 நிமிடம். இரண்டாம் பகுதி ஆதார சுருதி எதையும் பிடிகொடுக்காமல் சிதறி ஓடும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரடுமுரடைக் கடந்து கடைசியில் ‘ஓவர் தி ரெயின்போ’ என்ற பழைய சினிமாப் பாட்டு வரும்போதுதான் அதன் எளிமை முழுசாக உறைக்கும். அதை மட்டும் தனியாகத் தேடிக் கேட்பவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும். என் ஓட்டு கொலோனுக்கு இல்லை, இதற்குத்தான்.

ஒரு சங்கடம் உண்டு. மும்பை லோக்கலில் இயர்போனில் கேட்டால் லா ஸ்காலாவின் மெல்லிய இடங்களெல்லாம் தண்டவாளச் சத்தத்தில் போய்விடும். கொலோனின் தாளக்கட்டு அந்த இரைச்சலிலும் தாக்குப்பிடிக்கிறது. ஆபீஸ் போகும்போது அது, ராத்திரி வீட்டில் இது.

(மேடை ஏறிய நாட்களில் ஜாரெட் வாசித்துக்கொண்டே முனகுவார், காலால் தட்டுவார், ஆனால் சபையில் யாராவது இருமினால் அவருக்குப் பொறுக்காது. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்குக் கிளம்பும் நம் கூட்டத்தைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ!)

உருப்படி, அதாவது தெரிந்த பாட்டு, இல்லாமல் மனம் தரிக்காது என்பவர்களுக்கு இன்னொரு அமெரிக்க பியானோ கலைஞர் பிராட் மெல்டாவின் ‘லைவ் இன் டோக்கியோ’. 2003 பிப்ரவரியில் சுமிடா டிரைஃபோனி ஹாலில் பதிவானது. கையில் இருப்பது தெரிந்த பாட்டு. அதன் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவல் பண்ணுவதுபோல விரித்துக்கொண்டே போகிறார். ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் ‘பாரனாய்ட் ஆண்ட்ராய்ட்’ மட்டும் 19 நிமிடம். இடது கை வெறும் துணைக்கு நிற்காமல் தனியாக ஒரு மெட்டுப் பாடும். ஜாரெட் அளவுக்கு மனதை உலுக்காது, ஆனால் வழி தவறவும் விடாது. கிருதி ரசிகருக்கு முதலில் நான் கொடுப்பது இதைத்தான்.

கட்டற்ற ஜாஸ் வாசித்த செசில் டெய்லரின் ‘சைலன்ட் டங்ஸ்’, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ விழாவில் 1974-ல் பதிவானது, பெரிய காரியம்தான். ஆனால் ஜாஸ் கேட்கத் தொடங்கிய முதல் வருஷம் வேண்டாம்.

பெரிய அரங்கமே ஒத்துவராதவர்களுக்கு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உள்ள மேபெக் ரிசைட்டல் ஹால். சுமார் 50 பேர்தான் உட்காரலாம். 1989 முதல் கான்கார்ட் இசைத்தட்டு நிறுவனம் அங்கே வரிசையாகத் தனிப் பியானோ கச்சேரிகளைப் பதிவுசெய்து 42 தொகுதிகள் வெளியிட்டது. பழைய பாட்டுகள், அளவான நேரம், ஆர்ப்பாட்டம் இல்லை. 42-ல் எதை எடுப்பது என்று கேட்டால் ஹாங்க் ஜோன்ஸ் வாசித்த 16-வது தொகுதி. அதற்கு அப்புறம் கென்னி பாரன்.