அன்டெனாவே இல்லாத வீட்டுக்கும் டிவி லைசன்ஸா?

மாமி வீட்டுக் கூரையில் அன்டெனா கிடையாது, சுவரில் டிஷ் கிடையாது. டிவியில் செருகி, இணையத்தில் ஓடும் உள்ளங்கையளவு பெட்டி ஒன்றுதான். சென்னையில் இரவு எட்டரைக்கு ஓடும் சீரியல், கோடைகாலத்தில் லண்டன் ஈஸ்ட்ஹாமில் மாலை நான்கு மணிக்கே வந்துவிடும். தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் மாமி எழும்ப ஐந்தரை ஆகும். பெட்டியை விற்ற கடைக்காரர், "இது நெட்டிலதானே வருது, லைசன்ஸ் ஒண்டும் தேவையில்லை அம்மா" என்று சொல்லித்தான் கொடுத்தாராம். டிவி லைசன்ஸ் என்பது பிரிட்டனில் டிவி பார்க்க ஆண்டுதோறும் கட்டணம் கட்டி வாங்கும் அனுமதி; அந்தப் பணம் பொது ஒளிபரப்பாளரான பிபிசிக்குப் போகிறது. போன மாதம், அதைக் கேட்டு, பெயர் போடாமல் 'சட்டப்படி குடியிருப்பவருக்கு' என்று ஒரு கடிதம் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நெட்டில பாக்கிறதுக்குமா காசு கட்டவேணும்?"

மாமி பார்க்கும் விதத்துக்குக் கட்டத்தான் வேண்டும். கடைக்காரர் சொன்னது பிழை. அதேபோல, "வீட்டில் நெட் இருந்தாலே கட்டவேணும்" என்று நம் ஆட்கள் சிலர் பயமுறுத்துவதும் பிழை. பிரிட்டனின் சட்டம் உங்கள் கையில் என்ன கருவி இருக்கிறது என்று கேட்பதில்லை. எதை, எப்போது பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்கிறது. ஒரு சேனலில் ஓடிக்கொண்டிருப்பதை ஓடும்போதே பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசன்ஸ் வேண்டும். ஃபோன், லேப்டாப், டேப்லெட், பெட்டி எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். சேனல் சென்னையிலிருந்து வந்தாலும் கொழும்பிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். இது போக, பிபிசியின் இணையச் செயலியான ஐபிளேயரில் எந்தப் பிபிசி டிவி நிகழ்ச்சியைப் பார்த்தாலும், பத்து வருடம் பழைய நிகழ்ச்சியாக இருந்தாலும், 2016 செப்டம்பர் 1 முதல் லைசன்ஸ் கட்டாயம்.

மாமியின் சீரியலையே எடுத்துக்கொள்வோம். நான்கு மணிக்கு நேரலையில் பார்த்தால் லைசன்ஸ் வேண்டும். அதே எபிசோட், இரவு ஏழு மணிக்குச் செயலியின் பட்டியலில் ஏறியபின் அழுத்திப் பார்த்தால் வேண்டாம். அதே சோபா, அதே திரை, அதே மாமியார்-மருமகள் சண்டை. மாறியது ரிமோட்டில் அழுத்திய பொத்தான் மட்டும். ஒரு மணிநேரம் பிந்தி ஓடும் 'பிளஸ் ஒன்' சேனல்கள் தப்பிக்க வழியாகாது. அவையும் நேரலைக் கணக்குத்தான்.

யூடியூபில்தான் நம்மவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஏற்றிவைத்த சமையல் வீடியோ, பழைய பட்டிமன்றம், பாட்டு எதற்கும் லைசன்ஸ் தேவையில்லை. ஆனால் ஒரு தமிழ்ச் செய்திச் சேனல் இருபத்துநான்கு மணிநேரமும் யூடியூபில் நேரலையாகப் போகிறதே, அதைப் போட்டுவிட்டுச் சமைத்தால் வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படம், தொடர் பார்க்க லைசன்ஸ் வேண்டாம். அங்கே 2025 ஜனவரியிலிருந்து வாராவாரம் நேரலையாக வரும் மல்யுத்தத்தைப் பார்த்தால் லைசன்ஸ் வேண்டும். மற்ற சேனல்களின் இணையச் சேவைகளான ஐடிவிஎக்ஸ், சேனல் 4 ஆகியவற்றில் முடிந்த நிகழ்ச்சிகளைப் பின்னர் பார்க்கத் தேவையில்லை. வானொலிக்கு 1971இலேயே லைசன்ஸை எடுத்துவிட்டார்கள்.

சரி, கட்டுவதா, கட்டாமல் பழக்கத்தை மாற்றுவதா? 2025 ஏப்ரலில் கட்டணம் ஆண்டுக்கு 174.50 பவுண் ஆனது. அன்றைய கணக்கில் மாதம் பதினாலரைக்குச் சற்று மேல். முகவரிக்கு ஒரு லைசன்ஸ் போதும், வீட்டிலுள்ள எல்லாருடைய எல்லாக் கருவிகளும் அதில் அடங்கும். சீரியல், செய்தி, கிரிக்கெட், பிள்ளைகளின் ஐபிளேயர் என்று நான்கு பேர் நான்கு விதமாகப் பார்க்கும் வீட்டில் கட்டிவிடுவதே நிம்மதி. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று காவல் காக்க முடியாது. தனியாக, வேலை முடிந்து வந்து படமும் தொடரும் மட்டும் பார்க்கிறவருக்கு அந்தக் காசு வீண்; லைசன்ஸ் தேவையில்லை என்று இணையத்தில் அறிவித்துவிடலாம். இடையில் நிறுத்தினால், மீதமிருக்கும் முழு மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு சலுகை உண்டு: மின்சாரத்தில் செருகாமல், பேட்டரியில் மட்டும் ஓடும் லேப்டாப்பிலோ ஃபோனிலோ பார்த்தால் பெற்றோர் வீட்டு லைசன்ஸே போதும். சார்ஜரைச் செருகிக்கொண்டு பார்த்தால் அந்தச் சலுகை இல்லை. இப்படி ஒரு விதியைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

கட்டாமலே பார்க்கும் நடுவழி ஒன்றும் இருக்கிறது, அது ஆபத்தான வழி. ஐபிளேயரைத் திறந்தால் 'உங்களிடம் டிவி லைசன்ஸ் இருக்கிறதா' என்று கேட்கும். ஆம் என்று ஒரு தட்டுத் தட்டினால் நிகழ்ச்சி ஓடத் தொடங்கிவிடும். அது உடனே ஓடுவதால் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். லைசன்ஸ் இல்லாமல் பார்ப்பது குற்றவியல் குற்றம், அபராதம் 1,000 பவுண் வரை போகலாம். விசாரிக்க வருகிறவரை வாரண்ட் இல்லாவிட்டால் வீட்டுக்குள் விடவேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் பலருக்குத் தெரியாது. கதவைத் திறப்பது யார்? பகலில் வீட்டில் இருக்கிறவர். 2019இல் இங்கிலாந்து, வேல்ஸில் இந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் 74 விழுக்காட்டினர் பெண்கள். எனக்கு மாமியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

மற்ற நாடுகளில் இருக்கும் சொந்தங்களுக்கு இந்தப் பொத்தான் கணக்கே இல்லை.

அயர்லாந்தில் கேள்வி நேர்எதிரானது: டிவி பெட்டி இருக்கிறதா? இருந்தால் ஆண்டுக்கு 160 யூரோ, அது பழுதாகி மூலையில் கிடந்தாலும். லேப்டாப்பிலும் ஃபோனிலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பிள்ளைகள் எல்லாரும் ஃபோனில் பார்க்கும் காலத்தில் இந்த விதியால் எவ்வளவு வசூலாகும்? 2024இல் அயர்லாந்து அரசு லைசன்ஸையும் வைத்துக்கொண்டு, பொது ஒளிபரப்பாளரான ஆர்டிஈ நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 725 மில்லியன் யூரோ ஒதுக்க வேண்டிவந்தது.

ஜெர்மனி கருவியையும் கேட்பதில்லை, பொத்தானையும் கேட்பதில்லை. 2013 முதல் வீட்டுக்கு ஒரு கட்டணம், 2021இலிருந்து மாதம் 18.36 யூரோ. டார்ட்முண்டில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் டிவி இல்லை, ஆனாலும் கட்டுகிறார். முதலில் அவருக்குக் கோபம்தான். "பாக்காததுக்கு ஏன் காசு?" என்று கேட்ட எத்தனையோ பேரின் வழக்குகள் அரசியல்சாசன நீதிமன்றம் வரை போயின, கட்டணம் செல்லும் என்று 2018இல் தீர்ப்பு வந்தது, இரண்டாவது வீட்டுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. அரசு உதவித்தொகையில் வாழ்கிறவர்கள் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். சுவிட்சர்லாந்திலும் 2019 முதல் இதே முறை, 2021இலிருந்து வீட்டுக்கு ஆண்டுக்கு 335 பிராங்க். கட்டணத்தையே ஒழிக்கலாமா என்று 2018இல் மக்களிடம் வாக்கெடுத்தபோது, பத்தில் ஏழு பேர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள்.

பிரான்ஸ் 2022இல் 138 யூரோக் கட்டணத்தை எடுத்துவிட்டு, மதிப்புக்கூட்டு வரியில் ஒரு பங்கைப் பொது ஒளிபரப்பாளருக்குக் கொடுக்கிறது. பார்ப்பவருக்கு இதைவிட எளிது கிடையாது. ஆனால் அரசைக் கேள்வி கேட்கவேண்டிய ஒளிபரப்பாளர், ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அதே அரசின் கையைப் பார்த்து நிற்கவேண்டும்.

எனக்குப் பிடித்தது சுவீடன் முறை. 2019 முதல் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவரின் வருமானத்தில் ஒரு விழுக்காடு, அதற்கும் ஓர் உச்சவரம்பு. வருமானம் இல்லாதவர் கட்டுவதில்லை. யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஜெர்மன் முறை தெளிவானது, ஆனால் துப்புரவுத் தொழிலாளியும் வங்கி இயக்குநரும் ஒரே 18.36 கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பிபிசி எப்படி இயங்கவேண்டும் என்று சொல்லும் இப்போதைய அரச பட்டயம் 2027 டிசம்பர் 31இல் முடிகிறது. அடுத்து எந்த முறை வந்தாலும், சீரியல் பார்த்த ஒரு கிழவியைக் குற்றவாளியாக்கும் பகுதி அதில் இருக்கக்கூடாது.

மாமிக்கு 77 வயது. 75 தாண்டிய எல்லாருக்கும் லைசன்ஸ் இலவசம் என்ற விதி 2020 ஆகஸ்டில் போய்விட்டது. வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகையான பென்ஷன் கிரெடிட் வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் இப்போது இலவசம். கட்டவேண்டியதுதான் என்று விண்ணப்பத்தைத் திறந்து, வங்கிக் கடிதங்களைக் கேட்டேன். பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துத் தந்த கட்டில் பென்ஷன் கிரெடிட் கடிதமும் இருந்தது. மாமா போனதிலிருந்து அது வந்துகொண்டிருக்கிறது. 75 வயதிலிருந்தே இலவச லைசன்ஸுக்கு உரியவர், ஆனால் அது தானாக வராது, கேட்டு வாங்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றே விண்ணப்பித்தோம். மணி நான்காக ஐந்து நிமிடம் இருந்தது. "அப்ப இண்டைக்குப் பாக்கலாமோ?" என்றார் மாமி. லைசன்ஸ் கைக்கு வரும்வரை பட்டியலில் ஏறினபிறகு பார்ப்போம் மாமி என்றேன். ஏழு மணி வரை இருந்து சேர்ந்தே பார்த்துவிட்டு வந்தேன்.